சிப்பாய்ப் பொம்மை சேர்க்க வருவோருக்கு

சரித்திரப் படைவீரர்களின் வர்ணம் தீட்டிய சிறு உருவங்களைச் சேர்க்க ஆசைப்படும் இளையவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆகும்? இரண்டுக்கும் இன்று கைபேசியே பதில் சொல்லிவிடும். அது சொல்லாத சிலவற்றை மட்டும் இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

1. முதலில் எல்லை கட்டுங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் அலமாரி சீக்கிரம் நிறைந்துவிடும். ரோமானிய வீரன், பக்கத்தில் சாமுராய், அவனுக்குப் பின்னால் நெப்போலியன் என்று ஆளுக்கொரு திசை பார்த்து நிற்பார்கள். ஒரு போர், ஒரு படை, அல்லது ஒரு இருபது வருஷக் காலம் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வின்ஸ்டன் சர்ச்சில் சிறுவயதில் ஏறக்குறைய 1,500 சிப்பாய்ப் பொம்மைகள் வைத்திருந்தார். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் பிரிட்டிஷ் படை. காலாட்படை டிவிஷன் ஒன்று, துணைக்குக் குதிரைப்படைப் பிரிகேடு ஒன்று என்று ஒழுங்காகப் பிரிக்கப்பட்டவை. அந்த அணிவகுப்பைப் பார்வையிட்ட பிறகுதான் அவருடைய தந்தை, ராணுவத்தில் சேர விருப்பமா என்று கேட்டார். பெட்டியில் குவியலாகக் கிடந்த பொம்மைகளைப் பார்த்து எந்தத் தகப்பனும் அப்படிக் கேட்கமாட்டார்.

2. அளவுகளைக் கலக்காதீர்கள்.

பழைய லண்டன் பொம்மைகளும் காட்சிக்கென்று செய்யப்படும் உருவங்கள் பலவும் 54 மில்லிமீட்டர். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஹைன்ரிக்சன் பட்டறை 19-ஆம் நூற்றாண்டில் பரப்பிய தட்டை உருவங்கள் 30 மி.மீ. மேஜைப் போர் விளையாட்டுக்காரர்கள் விரும்புவது 28 மி.மீ. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சிலர் பாதத்திலிருந்து கண் வரை அளப்பார்கள், சிலர் உச்சந்தலை வரை அளப்பார்கள். ஆகவே 28 என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பிவிடாமல், உங்களிடம் உள்ள ஓர் உருவத்தோடு பக்கத்தில் நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்.

3. பழைய விளையாட்டுப் பொம்மையின் மேல் பிரஷ் வைக்காதீர்கள்.

1893-இல் லண்டனின் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடான வார்ப்பைக் கொண்டுவந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியதும் நடுவில் மிஞ்சியதை வெளியே கவிழ்த்துவிடுவார்கள். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. கெட்டியாக வார்த்த ஜெர்மன் பொம்மைகள் அதோடு போட்டியிடத் திணறின. 1966 வரை பிரிட்டன் நிறுவனத்தார் காரீயப் பொம்மைகள் செய்தார்கள். நம் மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் அவர்களுடைய பட்டியலில் இடம்பெற்றார்கள். அப்படி ஒன்று கிடைத்து, மூக்கில் சாயம் போயிருந்தால் போனபடியே இருக்கட்டும். அந்தச் சாயம் அந்தக் காலத்துத் தொழிலாளியின் கைவேலை. நீங்கள் மேலே பூசினால் பொம்மையின் வயதும் விலையும் ஒரே நாளில் போய்விடும். அசல் பெட்டி இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

4. தீட்டுவதற்கு முன் படியுங்கள்.

புதிதாக வார்த்த, சாயமில்லாத உருவங்களை நீங்கள் தாராளமாகத் தீட்டலாம். ஆனால் எந்தப் படைப்பிரிவு, எந்த வருஷம், எந்த இடம் என்ற மூன்றும் தெரியாமல் வர்ணப் புட்டியைத் திறக்காதீர்கள். வாட்டர்லூ போர் நடந்தது 1815 ஜூன் 18. முந்தைய நாளும் இரவும் கொட்டிய மழையில் வயலெல்லாம் சேறு. கால்சட்டையும் காலணியும் பளிச்சென்று இருக்கும் வாட்டர்லூ சிப்பாய், அணிவகுப்பு மைதானத்திலிருந்து தப்பி வந்தவன். நெப்போலியனுக்குத் தங்கச் சரிகையாக அப்புகிறவர்கள் உண்டு. அவர் பெரும்பாலும் உடுத்தியது பச்சைநிறக் குதிரைப்படைச் சீருடை, மேலே சாம்பல்நிற மேலங்கி, அலங்காரமில்லாத கறுப்புத் தொப்பி. அந்த எளிமைதான் பளபளக்கும் தளபதிகள் நடுவில் அவரைத் தனியாகக் காட்டியது.

பொத்தானும் தலைப்பாகையும் அவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்கள் வேலூரை நினைத்துக்கொள்ளட்டும். தொப்பி போன்ற புது வடிவத் தலைப்பாகையும் அதில் செருகிய தோல் குஞ்சமும், நெற்றிக்குறியும் தாடியும் கூடாது என்ற உத்தரவும்தான் 1806 ஜூலை 10 அன்று அங்கே வெடித்த சிப்பாய்க் கலகத்துக்கு உடனடிக் காரணங்கள். சென்னையில் இருப்பவர்கள் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்துச் சீருடைகளையும் பதக்கங்களையும் நேரிலேயே பார்க்கலாம். சினிமாவைப் பார்த்து மட்டும் தீட்டாதீர்கள்.

5. நிழலையும் நீங்களே தீட்ட வேண்டும்.

இரண்டு அங்குல உருவத்தின் மடிப்புகளில் அறை வெளிச்சம் போதுமான நிழலை விழவைப்பதில்லை. ஒரே சிவப்பைப் பூசிவிட்டால் சட்டை பிளாஸ்டிக் போலத் தெரியும். மடிப்பின் பள்ளத்தில் பழுப்பு கலந்த அடர்சிவப்பு, மேட்டில் ஆரஞ்சு சாயல் ஏறிய இளஞ்சிவப்பு, நடுவில் அசல் நிறம் என்று மூன்று படியாவது வேண்டும். தட்டை உருவங்களில் இது இன்னும் கடுமையான சோதனை, ஏனென்றால் அங்கே உடம்பின் பருமனையே தூரிகைதான் உண்டாக்க வேண்டும்.

வேலையின் வரிசை இதுதான்: அச்சுக் கோட்டைச் சுரண்டுங்கள், சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள், பிரைமர் அடியுங்கள், பிறகு மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். முகத்தை முதலில் முடியுங்கள். கண்ணுக்குத் தூய வெள்ளை வைத்தால் பயந்துபோனவன் மாதிரி முழிப்பான். சற்றே பழுப்பேறிய வெள்ளை போதும். வெள்ளைக் குதிரைக்கும் இதே கவனம் வேண்டும். அதன் ரோமம்தான் வெள்ளை. மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் தெரியும் தோல் கருஞ்சாம்பல். அந்த இரண்டு இடத்தையும் சரியாகத் தீட்டினால் குதிரைக்கு உயிர் வந்துவிடும்.

6. எந்த நேரம் என்று முடிவு செய்தபின் நிறுத்துங்கள்.

வில்லியம் சைபோர்ன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, வாட்டர்லூ போர்க்களத்தின் மாதிரி ஒன்றைச் செய்வதற்காக அங்குள்ள லா ஏ சாந்த் பண்ணைவீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் பங்கெடுத்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, மாலை 7 மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது, எதிரில் என்ன பயிர் இருந்தது என்று விசாரித்தார். அரசாங்கம் பண உதவியை நிறுத்திய பிறகும் விடவில்லை. 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்த அந்த மாதிரியில் 70,000-க்கும் மேற்பட்ட சிறு உருவங்கள் உண்டு. இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

அந்த மாலை 7 மணிக்கு, பிரிட்டனின் கூட்டாளியான பிரஷ்யப் படை எவ்வளவு முன்னேறியிருந்தது என்பதில்தான் தகராறு வந்தது. வெற்றியின் பங்கு பிரஷ்யர்களுக்குப் போய்விடுகிறது என்று பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் தரப்பு முகம் சுளித்தது. கடைசியில் சைபோர்ன் பிரஷ்ய உருவங்கள் பலவற்றை எடுத்துவிட்டார். பொம்மையை இரண்டு விரற்கடை நகர்த்துவதுகூட வரலாற்றில் ஒரு பக்கம் சாய்வதுதான். உங்கள் அலமாரியில் யார் முன்னால், யார் பின்னால், யாரைக் காணோம் என்று ஒருவர் கேட்டால், காரணம் சொல்ல உங்களால் முடிய வேண்டும்.

7. காரீயத்துக்கு மரப்பெட்டி ஆகாது.

பழைய காரீய உருவங்களில் வெள்ளைப் பொடி பூப்பதுண்டு. ஓக் மரம், புது எம்டிஎஃப் பலகை, அட்டைப்பெட்டி இவற்றிலிருந்து கசியும் அமில ஆவி, ஈரக்காற்றோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கும். சாயத்தின் அடியில் தொடங்கிக் கை, கால் என்று தின்றுவிடும். கண்ணாடியும் உலோகமும் கொண்ட அலமாரியே நல்லது. கடலோர ஊர்க்காரர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். பொடி தெரிந்தால் பொம்மையை அங்கிருந்து எடுத்துவிட்டு, அலமாரியின் மரத்தையும் பசையையும் சந்தேகப்படுங்கள்.

8. வெயில் படாமல், நெருக்கி அடுக்காமல் வையுங்கள்.

ஜன்னல் வெயில் வர்ணத்தை வெளுக்கவைக்கும். சூடு குறைந்த எல்இடி விளக்கே போதும். நல்ல உருவங்களைக் கண்மட்டத்தில் வையுங்கள். பின்வரிசைக்குப் படி கொடுங்கள். ஒவ்வொன்றைச் சுற்றியும் கொஞ்சம் வெற்றிடம் விடுங்கள். பவேரியாவின் குல்ம்பாக் ஊரில், பிளாசன்பர்க் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் 300,000 உருவங்கள் உண்டு. அவர்களே பெரும்பாலானவற்றைக் காட்சி காட்சியாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

9. கையைக் கழுவுங்கள்.

காரீயம் விஷம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். தூரிகை முனையை நாக்கில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். ரெசின் உருவத்தைத் தேய்க்கும்போது முகக்கவசம் போடுங்கள். சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

10. பேரேடு எழுதுங்கள்.

ஒவ்வொரு உருவத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். யார், எந்தப் படை, எந்த வருஷம், செய்தது யார், தீட்டியது யார், எங்கே எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் குறியுங்கள். பீடத்தின் அடியிலும் அந்த எண்ணை எழுதுங்கள். உங்களுக்குப் பிறகு அலமாரியைத் திறப்பவருக்கு அந்த நோட்டு இல்லையென்றால், நீங்கள் சேர்த்ததெல்லாம் பழைய சாமான் கடைக்குத்தான் போகும். ஆகவே அடுத்த பொம்மையை வாங்குவதற்கு முன், கையில் இருப்பவற்றுக்கு இன்றே எழுதி முடியுங்கள்.