ஷிப்ட் அனுபவம் இருக்கிறதா? எனர்ஜி ஆடிட்டர் ஆகலாம்

காட்டுப்பள்ளி, அத்திப்பட்டு, மணலி பக்கம் பம்ப், பாய்லர், கம்ப்ரசர் என்று ஆறேழு வருஷம் ஷிப்ட் பார்த்த டிப்ளமாக்காரர் அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டால், நான் முதலில் சொல்வது பி.இ.இ. தேர்வைத்தான். பி.இ.இ. என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. டிப்ளமாவுக்கு ஆறு வருஷம், பி.இ.க்கு மூன்று வருஷம் அனுபவம் கேட்கிறார்கள். கல்லூரி முடித்த கையோடு எழுத முடியாத தேர்வு என்பதால், ஆலைக்குள் இருப்பவருக்கே முதல் வாய்ப்பு.

வேலை எங்கிருந்து வருகிறது? 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்திலிருந்து. அனல் மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரம், ரயில்வே, துறைமுகம் எல்லாம் அதன் அட்டவணையில் உள்ளன. இவற்றில் அரசு அறிவிக்கும் பெரிய நுகர்வோர் தகுதி பெற்ற எனர்ஜி மேனேஜரை நியமிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆடிட்டரைக் கொண்டு தணிக்கையும் செய்ய வேண்டும். அனல் மின் நிலையத்துக்கு வரம்பு ஆண்டுக்கு 30,000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி. வடசென்னை, வல்லூர் நிலையங்கள் அதை எளிதில் தாண்டிவிடும்.

தேர்வில் எனர்ஜி மேனேஜருக்கு மூன்று தாள், ஆடிட்டருக்கு நான்கு. பொது, வெப்பம், மின்சாரம் என்று முதல் மூன்று. நான்காவது பெரும்பாலும் கணக்கு. நான்கையும் எழுதிவிடுங்கள். பி.இ.இ.யின் வழிகாட்டிப் புத்தகங்களே போதும். கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் அவற்றை ஒருமுறை முடித்துவிடுங்கள்.

கணக்கு எப்படி இருக்கும்? ஒரு பம்ப் மணிக்கு 100 கன மீட்டர் தண்ணீரை 40 மீட்டர் ஹெட்டில் தள்ளுகிறது. தண்ணீருக்குப் போய்ச் சேரும் சக்தி சுமார் 10.9 கிலோவாட். மோட்டார் இழுப்பது 22 என்றால் பாதி வீண். டெலிவரி வால்வு பாதி மூடியிருக்கிறதா, இம்பெல்லர் தேய்ந்துவிட்டதா, வேலைக்கு மீறிய பம்ப்பை வாங்கி மாட்டியிருக்கிறார்களா? ஃப்ளோ மீட்டர், பிரஷர் கேஜ், பவர் அனலைசர் மூன்றையும் ஒரே நேரத்தில் படித்தால்தான் விடை கிடைக்கும். நேம் பிளேட்டைப் பார்த்து எழுதும் ரிப்போர்ட்டை எந்தப் பிளான்ட் மேனேஜரும் நம்பமாட்டார்.

எங்கே பார்த்தாலும் மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவியைப் போடச் சொல்வது அரைகுறை ஆடிட்டரின் பழக்கம். காட்டுப்பள்ளியில் 2010-இல் திறந்த கடல்நீர்க் குடிநீர் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மீஞ்சூர் நிலையம் என்றால்தான் பலருக்குத் தெரியும். நாளுக்கு 10 கோடி லிட்டர் தருவதற்காகக் கட்டப்பட்டது. இதுபோன்ற ஆர்.ஓ. நிலையத்தில் உயர் அழுத்த பம்ப்பின் வேகத்தை இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தத்தை வென்றால்தான் ஒரு சொட்டாவது நல்ல தண்ணீர் வரும். மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு: வெளியேறும் உப்புநீரில் இருக்கும் அழுத்தத்தைத் திரும்பப் பிடிக்கும் கருவி, மெம்பிரேன் அடைப்பு, இன்டேக் பம்ப். அந்த அளவில் ஓடும் நிலையத்தில் ஆயிரம் லிட்டருக்கு 0.1 யூனிட் குறைத்தாலே நாளுக்கு 10,000 யூனிட் மிச்சம். இதைச் சொல்லத் தெரிந்தவரை எந்த ஆடிட் நிறுவனமும் விடாது.

தேறியதும் நீங்களே சட்டப்படியான தணிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. அங்கீகார ஆடிட்டராக ஐந்து வருஷத் தணிக்கை அனுபவமும் தனி விண்ணப்பமும் வேண்டும். அதுவரை ஒரு ஆடிட் நிறுவனத்தில் கருவி தூக்கி அளவெடுங்கள். கிண்டி ஆபீஸில் உட்கார்ந்து எக்செல் போடுவதைவிட அதுதான் கைகொடுக்கும். 2023-இல் அறிவிக்கப்பட்ட கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தால், அளந்ததைச் சரிபார்க்கும் வேலையும் கூடும். வளைகுடா போகும் எண்ணமிருந்தால் அமெரிக்க எனர்ஜி எஞ்சினியர்கள் சங்கத்தின் சி.இ.எம். சான்றிதழையும் பாருங்கள்.

கான்ட்ராக்டில் இருப்பவர்கள் தேர்வுக்கான அனுபவச் சான்றிதழை இந்த மாதமே வாங்கிவிடுங்கள். கான்ட்ராக்டர் மாறிவிட்டால் பிறகு அலைய வேண்டியிருக்கும். 'டெக்னீஷியன்' என்று மட்டும் போட்டுத் தந்தால் வாங்காதீர்கள். எந்த இயந்திரத்தை இயக்கினீர்கள், எதைப் பராமரித்தீர்கள், எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.