பெயர் எழுதிய அட்டைகள்

1985ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சான்பிரான்சிஸ்கோ நகரில் மெழுகுவத்தி ஏந்திய ஊர்வலம் ஒன்று நடைபெற்றது. எய்ட்ஸ் நோயால் மாண்ட தம் அன்பர்களின் பெயர்களை மக்கள் அட்டைகளில் எழுதி, அரசுக் கட்டடம் ஒன்றின் சுவரில் ஒட்டினர். அந்நோயால் இறந்தோரின் உடலை ஏற்க, அந்நாளில் ஈமச்சடங்கு நிலையங்கள் பலவும் மறுத்தன. குடும்பத்தாருள் பலர் நோயின் பெயரையே மறைத்தனர். வாய்விட்டு அழவும் இடமில்லாத துயரம் அது.

சுவரை நிறைத்த அட்டைகள், துண்டுத் துணிகளை இணைத்துத் தைக்கும் போர்வையைக் கிளீவ் ஜோன்ஸ் என்பாருக்கு நினைவூட்டின. ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின், மறைந்த நண்பருக்கென முதல் துணியை அவரே உருவாக்கினார். ஒவ்வொரு துணியும் 3 அடி அகலமும் 6 அடி நீளமும் கொண்டது; ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. இறந்தவர் உடுத்திய சட்டை, அவருடைய நிழற்படம், அவர் பேணிய பொம்மை முதலியவற்றை அதில் தைத்துச் சேர்த்தனர். ஊசி பிடித்தறியாத கைகளும் தைத்தன. தையல் கோணியது, அதனைக் குறையெனக் கொள்வார் எவருமில்லை. உடுத்தியவரின் மணம் மாறாத சட்டையில் கத்தரிக்கோலை வைப்பது எளிதா என்ன? வீட்டில் உரைக்கத் தயங்கிய பெயர், துணியில் பெரிய எழுத்துகளில் அமைந்தது.

1987 அக்டோபர் 11 அன்று, வாஷிங்டன் நகரத் திறந்தவெளியில் 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. இறந்தோர் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கப்பட்டன.