ஆண்டீஸில் அவசரம்தான் செலவு

அன்புள்ள நிலா,

நீயும் மாப்பிள்ளையும் ஜூன் மாதம் பெரு, பொலிவியா போகப்போவதாக அக்கா சொன்னதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாதத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழையில்லாத காலம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மேலே போனால் ராத்திரியில் தண்ணீர் உறையும்.

உன் பயணத் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். பதினான்கு நாளில் லிமா, குஸ்கோ, மச்சு பிச்சு, டிட்டிகாக்கா, லா பாஸ், உயுனி உப்புவெளி. கையில் காசு குறைவு என்று நாளைக் குறைத்திருக்கிறாய். அங்கேதான் கணக்கு தப்புகிறது, கண்ணு. அந்த மலையில் மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் செலவு குறைவு.

நாங்களும் இதையேதான் செய்தோம். லிமா கடலோரம்; குஸ்கோ 3,400 மீட்டர் உயரம். இருபது மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் உட்கார்ந்து நேராகப் போய் இறங்கினோம். விடுதியின் இரண்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் உன் சித்தப்பாவுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்தது, பிறகு வாந்தி. அந்த ஊரில் இதைச் சொரோச்சே என்பார்கள். இரண்டு நாள் படுக்கை, டாக்டர், ஆக்சிஜன். முன்பணம் கட்டிய ரயில் டிக்கெட்டும் போயிற்று. மிச்சம் பிடித்த நாளும் கரைந்தது, காசும் கரைந்தது.

அந்த உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். உடம்பு அதற்குப் பழக நாள் கேட்கும். 3,000 மீட்டரைத் தாண்டியபின், படுக்கும் இடம் ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்பது மலையேறுகிறவர்கள் கடைப்பிடிக்கும் விதி. அதனால் லிமாவிலிருந்து முதலில் அரெகிப்பாவுக்குப் போங்கள், 2,300 மீட்டர்தான். மூன்று நாள் இருங்கள். குஸ்கோ வந்ததும் அங்கே தங்காமல், கொலெக்டிவோ என்ற பகிர்வு வேன் பிடித்து ஒல்லாந்தாய்தம்போவுக்கு இறங்கிவிடுங்கள். 2,800 மீட்டரில் உள்ள ஊர். இன்கா காலத்து வாய்க்கால்களில் இன்றும் தெருவோரம் தண்ணீர் சலசலவென்று ஓடும். மச்சு பிச்சு அதைவிடத் தாழ்வு, 2,430 மீட்டர். அதைப் பார்த்துவிட்டுக் குஸ்கோவில் தங்கினால் உடம்பு முரண்டு பிடிக்காது. 3,812 மீட்டரிலுள்ள டிட்டிகாக்கா ஏரிக்கு அப்புறம் போகலாம். புறப்படும் முன் டாக்டரிடம் அசெட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள். கோக்கா இலைத் தேநீர் இதமாக இருக்கும், குடியுங்கள். ஆனால் அந்த இலையை மறந்தும் ஊருக்குக் கொண்டுவராதே, இங்கே அது குற்றம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ நடுராத்திரியானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். அப்போது இருவருக்குள்ளும் வாக்குவாதமே கூடாது.

ஜோடியாகப் போகும்போது இன்னொன்று. மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும். வராஸ் பக்கம் சாந்தா குரூஸ் பாதையில் 4,750 மீட்டர் கணவாய்க்கு ஏறும்போது நான் முன்னே போய்ப் போய்த் திரும்பிப் பார்த்து நின்றேன். உன் சித்தப்பா வந்து சேர்ந்ததும் நான் நடக்கத் தொடங்கிவிடுவேன். எனக்கு ஓய்வு கிடைத்தது, அவருக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. ‘நீ தனியாகவே வந்திருக்கலாமே’ என்றார். பிறகு அவரை முன்னே விட்டேன். இருபது அடி, நிற்பது, மறுபடி இருபது அடி. கணவாயின் உச்சியில் ஒரே பாட்டிலிலிருந்து மாறி மாறித் தண்ணீர் குடித்தபோது அந்தச் சண்டை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு மதியம் ‘மெனு’ என்று கேள். சூப், சோறோடு ஒரு பதார்த்தம், குடிக்க ஏதாவது, எல்லாம் ஒரே விலைக்குள் வரும். மாப்பிள்ளை சைவம் என்பதால் சொல்கிறேன்: ‘சின் கார்னே’ என்றால் இறைச்சி வேண்டாம் என்று அர்த்தம், ஆனாலும் சூப்பில் கோழி மிதக்கும். கோழியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். விடுதியில் ‘மத்ரிமோனியால்’ அறை கேட்டால் ஒரே பெரிய கட்டில். பெரும்பாலும் இரண்டு கட்டில் அறையைவிட மலிவு. சில்லறையைச் ‘சென்சியோ’ என்பார்கள். 100 சோல் நோட்டை நீட்டினால் சின்னக் கடைகளில் கையை விரித்துவிடுவார்கள்.

மச்சு பிச்சு ரயில் விலை அதிகம். குஸ்கோவிலிருந்து ஹைட்ரோஎலெக்ட்ரிகா வரை வேனில் போய், அங்கிருந்து தண்டவாளத்தை ஒட்டிப் பத்து கிலோமீட்டர் நடந்தால் அடிவார ஊர் வந்துவிடும். காட்டு நிழலிலேயே போகும் பாதை, ஏற்றம் அதிகமில்லை. இன்கா பாதைக்கு ஒரு நாளைக்கு 500 பேர்தான், சுமைதூக்கிகளையும் சேர்த்து. மாதக்கணக்கில் முன்பே பதிந்துவிடுவார்கள். அதை விட்டுவிடு.

குஸ்கோவில் சான் பெத்ரோ சந்தைக்குள் பழச்சாறு விற்கும் அம்மாக்கள் வரிசையாக இருப்பார்கள். டம்ளரை நிரப்பித் தருவார்கள். மிக்சி ஜாடியில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். நீ பாதி குடித்ததும் டம்ளரை நீட்டி ‘யாப்பா’ என்று சொல். கெச்சுவா மொழிச் சொல், நம் கொசுறுதான்! நாங்கள் ஒரு டம்ளர் வாங்கி இருவரும் குடித்தோம், அந்த அம்மா சிரித்துக்கொண்டே மூன்றாவது தடவையும் ஊற்றினார். ஆனால் கையால் நெய்த துணிக்கு மட்டும் அடித்துப் பேரம் பேசாதே. நாள்கணக்கில் தறி முன்னால் உட்கார்ந்தவர்களின் கூலி அது.

எங்கள் தூக்கப்பைகள் இரண்டும் பரணில் கிடக்கின்றன. ஒன்றுக்கு ஜிப் இடப்பக்கம், மற்றதற்கு வலப்பக்கம்; சேர்த்து இழுத்தால் ஒரே பையாகிவிடும், குளிர் பாதியாகத் தெரியும். வெயிலில் உலர்த்தி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இருவரும் வாருங்கள், திட்டத்தைத் திருத்திக்கொண்டு.

பிரியமுள்ள,
சித்தி