பழைய முகவரியும் புதிய முகவரியும்

வங்கியின் வரவு செலவும் புகைவண்டியின் இருக்கைப் பதிவும் இக்காலத்தில் கணிப்பொறிகளிலே தரவுத்தளங்களாக வைத்துக் காக்கப்படுகின்றன. தளம் உள்ள இடத்தில் மின்சாரம் அற்றாலும் வெள்ளம் புகுந்தாலும் பணி நில்லாதிருத்தல் வேண்டும். ஆகவே, தொலைவிலுள்ள வேறோர் ஊரில் அதன் படியொன்றை உடனுக்குடன் எழுதி வைப்பர். முதலிடம் வீழ்ந்தவிடத்து, மாற்றிடம் அதன் பொறுப்பை ஏற்கும்.

படியை வைத்திருந்தால் மட்டும் போதாது. நாடி வரும் கணிப்பொறிகளை அங்கே திருப்புதலும் வேண்டும். சந்தை வேறு திடலுக்கு மாறியதை அறியாதார் பழைய திடலில் வந்து நிற்பரன்றோ? கணிப்பொறிகளும் அத்தகையனவே. அவை பெயரைச் சொல்லி முகவரி கேட்கும். அவ்வாறு கேட்டறியும் முறையை 1983-ஆம் ஆண்டில் பால் மொக்காபெட்ரிஸ் என்பார் வகுத்தார். ஒருமுறை பெற்ற முகவரியைக் கணிப்பொறி குறித்த காலம்வரை நினைவில் வைத்திருக்கும். அக்காலம் ஒரு நாள் எனின், இடம் மாறிய பின்னும் ஒரு நாள்வரை பழைய வாயிலையே தட்டிக்கொண்டிருத்தல் கூடும். அதனை 60 நொடி போன்ற சிற்றளவாக முன்னரே குறைத்து வைத்தல் வேண்டும். இடர் வந்தபின் குறைத்துப் பயனில்லை. இரு முகவரிகளையும் முன்கூட்டியே கொடுத்து வைத்தல் மற்றொரு வழி. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில், 2017-இல் வெளிவந்த 10-ஆம் பதிப்பு முதல், எழுத இடந்தருவது எதுவென ஒவ்வோரிடமாக வினவி இணையும் வசதி உண்டு.

இனி, இதனினும் கொடிய இடர் ஒன்றுண்டு. முதலிடம் மாய்ந்ததென்று எண்ணி மாற்றிடம் பொறுப்பேற்க, முதலிடமோ உயிரோடிருப்பின், ஓர் உறையில் இரு வாள் புகுந்த கதையாகும். மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் என்னும் அமெரிக்க நிறுவனத்தில், 2018 அக்டோபர் 21-இல், பழுதுற்ற ஒளியிழைக் கருவியை மாற்றுங்கால் கிழக்குக் கரைத் தரவு நிலையத்தின் தொடர்பு 43 நொடி அறுந்தது. அதற்குள் தானியங்கு காவற்பொறி மேற்குக் கரைத் தளங்களைத் தலைமையாக்கியது. தொடர்பு மீண்டவுடன் எழுதுவன யாவும் அங்கே திரும்பின. பொறியைக் குறை கூறுதற்கில்லை. இட்ட பணியையே அது செய்தது. ஆயினும், கிழக்கில் எழுதப்பெற்ற சில மேற்கே சென்று சேர்ந்தில. மிகுதியாக வழங்கும் தொகுதியொன்றில் மட்டும் அவை 954. மேற்கிலோ, ஏறத்தாழ 40 நிமிடத்திற்குரிய புதியவை ஏறிவிட்டன. கிழக்கிலிருந்த பயன்பாட்டுப் பொறிகளின் வினாக்கள் நாட்டின் குறுக்கே சென்று மீள வேண்டியிருந்தமையின், பணியும் தாழ்த்தது. பயனர் எழுதியதில் எதனையும் இழக்க மனமின்றி, நிறுவனத்தார் சில பணிகளை நிறுத்தி வைத்துக் காப்புப் படிகளிலிருந்து தளங்களை மீட்டனர். எல்லாம் சீராக 24 மணி 11 நிமிடம் ஆயிற்று. அதன்பின், ஒரு கரையின் தலைமை மறுகரைக்குத் தானே தாவாதவாறு காவற்பொறியைத் திருத்தியமைக்க முடிவு செய்தனர்.