வீட்டைவிட்டு வெளியே வந்துட்டா, முதல்ல எங்கே போறது?

வீடில்லாதவர் என்றதும் நமக்கு வயதானவர்தான் ஞாபகத்துக்கு வருவார். அப்பாவோடு சண்டை, இன்று நண்பன் வீட்டு சோபா, நாளை வாய்ட் டெக் என்று அலையும் 20 வயதுக்காரனும் வீடில்லாதவன்தான். என் வகுப்பிலேயே ஒருவன் அப்படி இருந்தான். முதுகுப்பையில் துணியோடு லேப்புக்கு வருவான்.

வீவக வாடகை வீட்டுக்குத் தனியாளாக விண்ணப்பிக்க, சிங்கப்பூரில் பொதுவாக 35 வயது ஆகணும். அதைப் படித்ததும் பலர் விட்டுடறாங்க. நண்பர்களே, வீடு கேட்கிற கதவு வேறு, தங்க இடம் கேட்கிற கதவு வேறு. இரண்டாவதுக்கு 35 வரை காத்திருக்க வேண்டாம்.

பக்கத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்க. யாருடைய கடிதமும் தேவையில்லை. போகத் தயக்கமா? காம்கேர் எண் 1800-222-0000. சமூக ஊழியர் நிலைமையைக் கேட்டு, தேவைப்பட்டால் தற்காலிகத் தங்குமிடத்துக்கு ஏற்பாடு செய்வார். அன்றிரவே படுக்க இடமில்லை என்றால் அதையும் சொல்லுங்க. சில வழிபாட்டுத் தலங்களும் அறநிறுவனங்களும் இரவு தங்க இடம் தருகின்றன.

ஒன்று. பெரும்பாலும் குடும்பத்தோடு சமாதானம் பேசத்தான் முதலில் பார்ப்பாங்க. வெறும் கோபம் என்றால் அது நல்லதுதான். அடி வாங்கி ஓடி வந்திருந்தால், வெட்கப்படாமல் முதல் வாக்கியத்திலேயே சொல்லிடுங்க. அதற்கென்றே 24 மணி நேர எண் இருக்கு: 1800-777-0000.