லாரி ஆபீஸுக்கு வரிச் சோதனையா? தயாராக இருங்கள்!

ஜிஎஸ்டி தணிக்கை நோட்டீஸ் வந்தால் குறைந்தது 15 வேலை நாள் கிடைக்கும். ரோட்டில் வண்டியை மறித்தால் அந்த அவகாசம் இல்லை. இவற்றை இப்போதே பழக்கமாக்குங்கள்.

1. எல்.ஆர். ரசீதுகளை வரிசை எண் விடாமல் போடுங்கள். ரத்தானதைக் கிழிக்காமல், குறுக்கே கோடு போட்டு வையுங்கள். விடுபட்ட எண், மறைத்த வாடகையோ என்ற சந்தேகத்தைக் கிளப்பும்.

2. வழியில் வேறு லாரிக்கு லோடு மாற்றினால், இ-வே பில் 'பார்ட் பி'யில் புது வண்டி எண்ணை ஏற்றிய பிறகே கிளப்புங்கள். பழைய எண் இருந்தால் சரக்கோடு வண்டி நிற்கும்.

3. இ-வே பில் முடியும் நேரத்தை டிரிப் ஷீட்டில் குறியுங்கள். சாதாரண சரக்குக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள்தான். முடிவதற்கு முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள்தான் நீட்டிக்க முடியும்.

4. வெளி லாரிக்காரர் ஒருவருக்கு ஒரே நாளில் ரூ.35,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வருமான வரிக் கணக்கில் அது செலவாகாது.

5. 10 லாரிக்கு மேல் இல்லாத உரிமையாளரிடம் பான் எண்ணுடன் உறுதிமொழிக் கடிதம் வாங்குங்கள். அது இல்லாமல் டிடிஎஸ் பிடிக்காவிட்டால் பொறுப்பு உங்களுடையது.

6. டீசல் பில்லை அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். பங்க் மெஷின் பில்லில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.

ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வரை ஜிஎஸ்டி கணக்குகளைக் காப்பாற்றி வைப்பது சட்டப்படி கட்டாயம்.