மின்விசிறிச் சத்தத்திலிருந்து தொடங்கு

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய ஆறு பாட்டையும் கேட்டுவிட்டேன். முதலில் போனில், பிறகு ஹெட்போனில், கடைசியாக வீட்டு ஸ்பீக்கரில். மூன்றாவது பாட்டில் கிட்டார் நின்ற பிறகும் அறையில் மின்விசிறி ஓடுவது கேட்கிறது. இவற்றைப் பாடிப் பதிவுசெய்த உன் நண்பர் அதைத் தெரிந்தேதான் விட்டுவைத்திருக்கிறார். ஐந்தாவது பாட்டில் அவர் குரல் அந்த இரைச்சலின் சுருதியைப் பிடித்துத்தான் எழும்புகிறது. இந்த ஆல்பத்தின் வீடியோவுக்காக நீ எழுதிய ட்ரீட்மென்ட்டையும் மூட் போர்டையும் அதற்குப் பிறகே திறந்தேன். மழை, நியான் விளக்கு, தண்டவாளம், செட்டிநாட்டு வீட்டு முற்றம், புகை, கடற்கரைக்கு மேலே ட்ரோன். தனித்தனியாக எல்லாமே நன்றாக இருக்கின்றன. ஆனால் வேறு எந்தப் பாட்டுக்கும் அவற்றைப் பொருத்திவிடலாம். அந்த மின்விசிறி அவற்றில் எங்கும் இல்லை.

சினிமாப் பாட்டு பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. சினிமாவில் பாட்டு வருவதற்குள் பாதிக் கதை ஓடியிருக்கும். பாடுபவரை ஊருக்கே தெரியும். அதனால் அங்கே உடை மாறலாம், மலை மாறலாம், நாடே மாறலாம், பார்ப்பவருக்குப் பிடி நழுவாது. உன் நண்பருக்கு முன்கதை கிடையாது. அவர் முகம் யாருக்கும் தெரியாது. நான்கு நிமிட ஒலி ஒன்றுதான் அவருடைய சொத்து. அதற்குள் பதினைந்து இடங்களைக் காட்டினால் இடங்களும் மனதில் தங்காது, பாடியவரும் தங்கமாட்டார்.

ஆல்டர்னேட்டிவ் என்று நாம் அழைக்கும் இந்த இசையில் எனக்குப் பிடித்த வீடியோக்களைப் பல வருஷமாகத் திரும்பத் திரும்பப் பார்த்து வருகிறேன். அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு விதியின் மேல் நிற்கின்றன. 'ஒரு பெண் மழையில் நடக்கிறாள்' என்பது யோசனை. 'கேமரா இந்த முகத்தை விட்டு நகரவே நகராது' என்பது விதி. யோசனை ஒரு ஷாட்டோடு தீர்ந்துவிடும். விதியோ படப்பிடிப்பு அன்று காலையில் எழும் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வைத்திருக்கும்: லென்ஸ் எது, சட்டை என்ன நிறம், எங்கே வெட்டுவது என்பதுவரை.

ரேடியோஹெட் குழுவின் 'நோ சர்ப்ரைஸஸ்' வீடியோவை மறுபடி பார். 1997-இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பத்தின் பாட்டு. இயக்கியவர் கிராண்ட் ஜீ. கண்ணாடித் தலைக்கவசத்துக்குள் பாடகர் தாம் யார்க்கின் முகம், அதற்கு வெகு அருகில் கேமரா. பாட்டின் வரிகள் கண்ணாடியில் பிம்பமாக விழுந்து மேலே ஊர்கின்றன. கழுத்திலிருந்து தண்ணீர் ஏறுகிறது. தாடை, உதடு, மூக்கு, கடைசியில் நெற்றியும் மூழ்குகிறது. அவர் அசையாமல் இருக்கிறார். நமக்கு மூச்சு முட்டத் தொடங்கும்போது தண்ணீர் வடிகிறது. காற்றை இழுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பாடுகிறார். முழுவதும் ஒரே ஷாட்.

அந்தப் பாட்டின் மெட்டு தாலாட்டு மாதிரி, கிளாக்கன்ஸ்பீல் மணியொலியோடு மெதுவாக வருவது. வரிகளோ தொந்தரவே இல்லாத வாழ்க்கைக்குள் திணறும் ஒருவனுடையவை. வேறொருவர் கையில் கிடைத்திருந்தால் அலுவலக மேசையும் ஒரே மாதிரி வீடுகளும் வந்திருக்கும். ஜீ அந்தத் திணறலை மட்டும் எடுத்துக்கொண்டார். அதை நடத்திக்காட்ட அவர் பிடித்த வழியையும் கவனி. மூழ்கியிருக்கும் பகுதிக்குப் பாட்டை வேகமாக ஓடவிட்டு, கேமராவின் வேகத்தையும் கூட்டி, திரையில் பழைய வேகத்துக்கு இறக்கினார்கள். அதனால் யார்க் உண்மையில் மூச்சடக்க வேண்டிய நேரம் குறைந்தது. அப்படியும் டேக்குக்கு மேல் டேக்காக அவர் திணறி நிறுத்தியதை, ஜீயே எடுத்த 'மீட்டிங் பீப்பிள் இஸ் ஈஸி' ஆவணப்படத்தில் காணலாம். உயிருக்கு ஆபத்து வரக்கூடிய எதையும், பயிற்சி பெற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல் செய்யாதே. இதில் எந்தச் சமாதானமும் எனக்கு ஏற்புடையதல்ல.

உன் ஆல்பத்துக்கான விதியை நீதான் கண்டுபிடிக்க வேண்டும். அதை வரிகளுக்குள் தேடாதே, பாட்டு உருவான விதத்துக்குள் தேடு. மொட்டைமாடி அறை, சாத்திய கதவு, இரவு, ஒரே மைக் என்று எழுதியிருந்தாய். விசிறியை நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும், ஓடவிட்டால் பதிவில் விழும். அவர் ஓடவிட்டார். இந்த ஒரு முடிவிலிருந்தே நான்கைந்து விதிகளை எடுக்கலாம். அறையை விட்டு வெளியேறாத கேமரா. காற்றில் அசைவதை மட்டும் காட்டும் படம். விசிறியின் நிழல் சுற்றி வரும் தாளத்தில் மட்டும் வெட்டப்படும் எடிட். எதைத் தேர்ந்தாலும் ஆல்பத்தின் கவரும் அதே விதிக்குள் வரட்டும். வீடியோ ஒருவர், கவர் இன்னொருவர் செய்ததுபோல் இருந்தால், முதல் ஆல்பத்தில் அது பெரிய நஷ்டம்.

எம்.ஐ.ஏ.வை நீ அறிவாய். மாயா அருள்பிரகாசம், லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் திரைப்படம் படித்தவர். பாடகியாகும் முன்பே எலாஸ்டிகா குழுவின் ஆல்பத்துக்குக் கவர் செய்தவர். தந்தையின் இயக்கப்பெயரைத் தலைப்பாக வைத்து 2005-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் 'அருளர்'. அதன் பாட்டுகள் பலவும் ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைப் பெட்டியில் தொடங்கியவை: ஒரு துண்டுத் தாளம், அதையே திரும்பத் திரும்ப, அதன் மேல் இன்னொரு துண்டு. கவரைப் பார். ஸ்டென்சில், கண்ணை உறுத்தும் நிறம், ஒரே உருவம் மறுபடி மறுபடி. ஒலியைச் செய்த கையே படத்தையும் செய்திருக்கிறது. அந்த ஒட்டுதலைப் பணம் கொடுத்து வாங்க முடியாது.

விதி என்றதும் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டுவிடாதே. ரேடியோஹெட்டின் 'தி பெண்ட்ஸ்' (1995) கவரைச் செய்த ஸ்டான்லி டான்வுட்டும் யார்க்கும் ஒரு மருத்துவமனைக்குப் போனது, அங்கிருந்த இரும்பு நுரையீரல் இயந்திரத்தைப் படம் பிடிக்கத்தான். நேரில் பார்த்தால் அது வெறும் பெட்டி. பக்கத்தில் முதலுதவிப் பயிற்சிக்கான பொம்மை ஒன்று இருந்தது. அதை வீடியோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்து டிவியில் ஓட்டி, திரையையே போட்டோ எடுத்தார்கள். வலியா சுகமா என்று சொல்ல முடியாத அந்த முகம் அப்படி வந்தது. பொருள் மாறியது, உடம்புக்கும் இயந்திரத்துக்கும் இடையே இருப்பதைத் தேடிய தேடல் மாறவில்லை.

கவருக்கு வருகிறேன். 1979-இல் மான்செஸ்டரின் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் வெளியிட்ட ஜாய் டிவிஷனின் 'அன்நோன் பிளெஷர்ஸ்'. அந்தக் குழுவை ஒருமுறைகூடக் கேட்டிராதவர்கள் அதன் படத்தை டி-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு நம் தெருக்களில் நடக்கிறார்கள். கறுப்பு வெளியில் அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள். அவை சிபி 1919 என்ற பல்சர் விண்மீனின் ரேடியோத் துடிப்புகள். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஜோசலின் பெல் கண்டறிந்த முதல் பல்சர் அது, சுமார் 1.34 வினாடிக்கு ஒருமுறை துடிக்கிறது. துடிப்புகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி வரைந்தவர் ஹெரால்டு கிராஃப்ட் என்ற ஆய்வாளர். 1970-இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில், அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் பதிவுகளைக் கொண்டு வரைந்தார். பின்னர் அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் அச்சாக, குழுவினர் அங்கிருந்து பிடித்து பீட்டர் சாவில் என்ற இளம் வடிவமைப்பாளரிடம் கொடுத்தார்கள். புத்தகத்தில் வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. சாவில் அதைத் திருப்பிப்போட்டு, பெரிய கறுப்புக்கு நடுவில் சின்னதாக வைத்தார். முன்பக்கத்தில் குழுவின் பெயரும் இல்லை, ஆல்பத்தின் பெயரும் இல்லை.

இப்போது அந்த ஆல்பத்தைப் போட்டு டிரம்ஸை மட்டும் கேள். கடிகாரம்போல் சீரான அடி, சுற்றிலும் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் உருவாக்கிய குளிர்ந்த வெற்றிடம். படத்திலும் அதேதான்: சீரான துடிப்பு, ஆனால் எந்த இரண்டு கோடும் ஒன்றல்ல, சுற்றிலும் இருட்டு. மனித முகமோ சோகமான சாலையோ இல்லாமல் ஒலியின் அமைப்பையே கண்ணுக்குக் கொண்டுவந்ததால்தான் நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் அது பழசாகவில்லை என்று நம்புகிறேன்.

பெயரில்லாத கவர் உனக்கும் சாத்தியம். சொல்லப்போனால் அன்றைவிட இன்று எளிது. பாட்டுச் செயலிகள் எல்லாமே படத்துக்குப் பக்கத்தில் பெயரைத் தாமே எழுதிவிடுகின்றன. உன் சிக்கல் வேறு. சாவிலுக்கு ஓர் அடிச் சதுரம் கிடைத்தது. சிடி காலத்தில் அது 12 செ.மீ. ஆனது. நீ 3000-க்கு 3000 பிக்சலில் ஏற்றப்போகும் படத்தை முக்கால்வாசிப் பேர் கட்டைவிரல் நகம் அளவில்தான் பார்ப்பார்கள். ஆகவே வரைவு தயாரானதும் அதை அந்த அளவுக்குச் சுருக்கி, வேறு இருபது கவர்களுக்கு நடுவே வைத்து, போனின் வெளிச்சத்தைக் குறைத்துப் பார். தேடாமல் கண்ணில் பட வேண்டும்.

தமிழில் தலைப்பு எழுதுவதானால் இன்னும் கவனம் தேவை. ண, ன இரண்டின் சுழிகளும் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும். ெ, ே ஒன்றுபோலத் தெரியும். மெல்லிய எழுத்துருவில் புள்ளி முதலில் காணாமல் போகும். நீ அனுப்பிய மாதிரியில் தலைப்பின் இரண்டு புள்ளிகள் என் போனில் தெரியவே இல்லை. கணினி எழுத்துருவை அப்படியே போடாமல் கையால் எழுதிப் பார். புள்ளியைப் பெரிதாக்கி எழுத்தின் ஓர் உறுப்பாகவே வைத்துக்கொள். தமிழ் வரிவடிவத்தில் வேலை செய்யும் கைகள் குறைவு. இந்த இடத்தில் நீ ஒரு வாரம் செலவழித்தாலும் வீணாகாது.

வீடியோவிலிருந்தே ஒரு ஃபிரேமை எடுத்துக் கவராக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். 4கே ஃபிரேமின் உயரம் 2160 பிக்சல்தான், சதுரமாக வெட்டினால் 3000 வராது. அசைவின் மங்கலும் சேர்ந்துவரும். அதே அறையில், அதே வெளிச்சத்தில், புகைப்படத்துக்கென்று தனியாக அரை நாள் ஒதுக்கு.

இனி வேலை விஷயங்கள். இறுதி மிக்ஸ் கைக்கு வராமல் ஒரு ஷாட்டும் எடுக்காதே. பாட்டின் வேகம் ஒரு துளி மாறினாலும் உதடு ஒட்டாது. நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டில், 24 ஃபிரேம் கணக்கில், அடிக்குச் சரியாக 12 ஃபிரேம். இந்தக் கணக்கை ஒவ்வொரு பாட்டுக்கும் போட்டு வைத்துக்கொண்டால் எடிட்டில் பாதி வாக்குவாதம் இருக்காது. ஸ்டாப் மோஷன் ஆசையும் உனக்கு இருப்பது தெரிகிறது. நான்கு நிமிடத்துக்கு 5760 ஃபிரேம். இரண்டிரண்டாகப் பிடித்தாலும் 2880 படங்கள். முழுப் பாட்டுக்கும் எடுக்க உன்னிடம் ஆளில்லை. பல்லவிக்கு மட்டும் வைத்துக்கொள். ஸ்லோ மோஷனில் பாட வேண்டுமானால் 50 ஃபிரேமில் எடு, பாட்டை இரட்டை வேகத்தில் ஓடவிடு, 25-இல் இறக்கு. அந்த வேகத்தில் பாட அவருக்கு முன்கூட்டியே ஒத்திகை வேண்டும். அறையின் டியூப்லைட்டை வைத்தே எடுப்பதானால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இல் வைத்துக்கொள், மலிவான எல்.ஈ.டி.யை முந்தைய நாளே சோதித்துப் பார். கடற்கரை, ரயில் நிலையம், ட்ரோன் எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்க வேண்டும். அறைக்குள் எடுத்தால் அந்த அலைச்சலே மிச்சம்.

இவற்றைவிட முக்கியமான ஒன்று. திட்டத்தை உன் நண்பரிடம் காட்டும் முன், எப்படிப்பட்ட ஆளாகத் தான் தெரியக் கூடாது என்று அவரிடமே கேள். தன் முகம் திரையில் வரக் கூடாது என்று நினைக்கும் பாடகர்கள் இருக்கிறார்கள். அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவார்கள், படப்பிடிப்பன்று உடம்பு சொல்லிவிடும். முகம் இல்லை என்பதும் ஒரு விதியாகலாம். அவர் நிச்சயம் முகத்தைக் காட்டத்தான் வேண்டும் என்ற உன் வரியை அவரைக் கேட்காமல் எழுதியிருக்கிறாய் என்று தோன்றுகிறது.

மூட் போர்டில் யாரோ எடுத்த போட்டோக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கவருக்குத் தொட்டாலும் எடுத்தவரைத் தேடிக் கண்டுபிடி, எழுத்தில் சம்மதம் வாங்கு, பெயரைப் போடு. தன் வரைபடம் ஓர் ஆல்பத்தின் முகமாகிவிட்டது ஹெரால்டு கிராஃப்டுக்குத் தெரியாது. பின்னால் வேறொருவர் சொல்லித்தான் அறிந்தார். கடைக்குப் போய்த் தானே ஒரு பிரதி வாங்கினார். உலகமெங்கும் அணியப்படும் அந்தக் கோடுகளை வரைந்தவரின் பெயர் இன்றும் பலருக்குத் தெரியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

உனக்கும் இது நேரக் கூடாது. உன் நண்பருடன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்: சம்பளம் எவ்வளவு, எப்போது, மூலக் காட்சிகள் யாரிடம் இருக்கும், கவரை டி-ஷர்ட்டிலோ போஸ்டரிலோ போட்டால் உன் பங்கு என்ன, லைட் பிடித்த பையன்வரை யார் யார் பெயர் எங்கே வரும். இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டாவது ட்ரீட்மென்ட்டை எழுது. ஒரே பக்கம், படங்கள் இல்லாமல், விதியை முதல் வரியில் வைத்து. மிக்ஸ் முடிவதற்குள் அதை அனுப்பு, பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு வா. மூன்று பேரும் உட்கார்ந்து பாட்டை இன்னொரு முறை கேட்கலாம்.

அன்புடன்,
அண்ணன்